லாபம், ரெண்டு, மூணு

கீழமாசி வீதியில் வற்றல் மண்டிக்கு
பில் போடுகிறவள் நான்.
ஒன்பதரைக்கு லாரி வந்து நிற்கும்.
முண்டு வற்றல் மூட்டையை
முதுகிலிருந்து தரைக்கு விடும் ஒவ்வொரு முறையும்
தெரு முழுக்க ஒரு தும்மல்.
டீக்கடைக்காரர் தும்முவார், போலீஸ்காரர் தும்முவார்,
தும்மிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.
எனக்கு மட்டும் அது உள்ளே போய்க்
கதவைச் சாத்திக்கொள்ளும்.

கைப்பையில் இரண்டு இருக்கின்றன.
நீலம், பழுப்பு.
நீலம், கூப்பிட்டதும் ஓடி வருகிற பிள்ளை.
நெஞ்சுக்குள் பூனை கத்தும்போது
இரண்டு அழுத்து; பூனை இறங்கிப் போய்விடும்.
பழுப்பு அப்படியில்லை.
காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு,
வாய் கொப்பளித்துத் துப்பு.
போட்டதும் ஒன்றும் நடக்காது.
மறுநாளும் ஒன்றும் நடக்காது.
ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை என்று
எனக்குப் புரிய ஒரு கார்த்திகை ஆனது.

மூக்குக்கு ஒரு மாத்திரையும் உண்டு, படுக்கும்முன்.
அது தருகிற தூக்கத்தில்
தெப்பக்குளம் நிறைய வற்றல் மிதக்கும்,
நான் தும்மாமல் நீந்துவேன்.

ஆவணியில் பழுப்பை நிறுத்தினேன்.
நன்றாகத்தானே இருக்கிறோம் என்று.
மாதம் நானூற்று நாற்பது மிச்சம்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கூட வைத்தேன்:
மூன்று மாதம், ஆயிரத்து முந்நூற்று இருபது, வரவு.
மிக்ஸி ஜாரும் சின்னவளுக்குச் செருப்பும் அதில்தான்.

மழை விட்ட ராத்திரி,
பக்கத்து வீட்டில் கொசுவுக்கு வேப்பிலைப் புகை போட்டார்கள்.
ஒன்றரை மணிக்கு
நீலத்தை ஆறு முறை கூப்பிட்டேன்.
ஏ.வி. பாலம் அவ்வளவு நீளம் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
ஆட்டோக்காரரிடம் "பெரியாஸ்" என்றேன்,
"பத்திரி" என்பதற்குள் பாலம் முடிந்துவிட்டது.

முகமூடிக்குள் மருந்து புகைபுகையாய் வந்தது.
விடிந்ததும் டாக்டரம்மா கேட்டார்,
"ஏம்மா நிறுத்தினீங்க?"
"நல்லா இருந்ததால."
அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.
அவர் சொன்னதையெல்லாம்
பிற்பாடு என் பாஷையில் மாற்றிக்கொண்டேன்:
சரக்கு வராத மாதமும்
குடோனுக்கு வாடகை உண்டு.

அந்த வரவை அடித்தேன்.
பற்று என்று எழுதித்
தொகை போடாமல் விட்டேன்.

நேற்று பெத்தணன், நாற்பது மூட்டை இறக்கிவிட்டு
சுவரில் இரண்டு கையையும் ஊன்றி நின்றான்.
களைப்பு என்றார்கள்.
எனக்கு அந்தச் சத்தம் தெரியும்,
ஓட்டை விழுந்த துருத்தி.
"தைக்குத் தை வரும் பில்லக்கா, போயிரும்" என்பதை
நாலு தவணையாகச் சொன்னான்.
நீலத்தை முந்தானையில் துடைத்து நீட்டினேன்.
"இது பழகிருமாமே?"
"நாப்பத்தோரு வருசமா
மூச்சே பழகிப்போச்சு எனக்கு. வாயைத் திற.
இது கைமாத்துதான். புதன்கிழமை என்கூட வந்து
உன் பேர்ல ஓ.பி. சீட்டு போடுற,
உனக்கு எதுன்னு அவங்க சொல்லட்டும்.
முழுசா ஊதி விடு.
நான் அழுத்தும்போது இழு.
பத்து வரைக்கும் வெளியே விடாதே."

கண்ணை மூடிக்கொண்டான்.
மூட்டைமேல் வைத்த கையில்
விரல் மடங்கத் தொடங்கியது.
மண்டியில் யாரும் ஒன்று என்று ஆரம்பிப்பதில்லை.
உதடு அசையவில்லை,
ஆனாலும் முதல் விரலுக்கு உள்ளே
என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும்.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.
இருங்க, என்று கையைக் காட்டினேன்.
இன்னும் ஏழு இருக்கிறது.